ஜெஸ்லின் கட்டிய பூத்

ஜெஸ்லினைப் பற்றி யாராவது "பாவம்" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். பாவப்படும்படி அவள் எங்கே நின்றாள்?

களியக்காவிளையிலிருந்து வந்தவள். எல்லைக்கு அப்புறம், கேரளத்துக் கழக்கூட்டத்தில் ஹைவே ஓரத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தாள். நெளிந்த இடத்தில் பட்டி பூசுவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, கண்ணாடியைச் சுற்றிப் பேப்பர் ஒட்டுவது எல்லாம் அவள்தான். கடைசியில் பெயிண்ட் அடிக்க மட்டும் ஓர் ஆண்பிள்ளை வந்து ஸ்பிரே கன்னைத் தூக்குவான். பளபளப்பு அவன் கணக்கில் சேரும். எங்காவது திப்பி தெரிந்தால் ஜெஸ்லின் ஒழுங்காகத் தேய்க்கவில்லை என்பார்கள். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு உதவாத பானெட்டுகளில் அடித்து அடித்துக் கை பழகியிருந்தாள். பதினான்கு வருஷம் கழித்தும் அவள் பெயருக்கு எதிரே ஹெல்பர் என்றே இருந்தது.

நான் பூதலிங்கம், வலியசாலைக்காரன். ஒரு கம்பெனியில் அக்கவுண்டண்டாக இருந்து ரிட்டயர் ஆனவன். பச்சை நிறத்தில் பழைய ஜென் கார் ஒன்று வைத்திருக்கிறேன். பெயிண்ட் உரிந்து சொறி பிடித்த மாதிரி ஆகிவிட்டதால் அதை அந்த ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனேன். முதலாளி நயினார் சுற்றி வந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, இதுக்குப் பெயிண்டு ஒரு கேடா? பேசாம எடைக்குப் போட்டுருங்க."

பக்கத்தில் இன்னொரு கதவைத் தேய்த்துக்கொண்டிருந்த ஜெஸ்லின் நிமிர்ந்தாள். "எனக்க கையில தாங்க முதலாளி. நான் அடிக்கேன்."

"நீயா? மொதல்ல சொந்தமா ஒரு பூத் கெட்டு. பெறவு பெயிண்டர்னு சொல்லிக்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன், அதை மறைப்பதற்கில்லை. பெயிண்ட் அடிக்கும்போது தூசி படாமலிருக்கக் காரை உள்ளே விட்டு அடைக்கிற அறைதான் பூத். விலையைக் கேட்டால் தலை சுற்றும். நயினாராலேயே கடன் வாங்கித்தான் போட முடிந்தது.

ஜெஸ்லின் கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "கெட்டிட்டு சொல்லுதேன்" என்றாள். வாசலில் என்னை நிறுத்தி, "சாரே, எடைக்குப் போட்டுராதீங்க. ரெண்டு மாசம் பொறுங்க" என்றாள். அவ்வளவுதான், வேலையை விட்டாயிற்று.

அவளுடைய வாடகை வீட்டின் பின்னால் காலி இடம் இருந்தது. பந்தல்காரர் ஒதுக்கிப் போட்ட இரும்புக் குழாய்களை வாங்கி நட்டாள். சுவருக்கு, போன தேர்தலில் மிஞ்சிய ஃப்ளெக்ஸ் பேனர்கள். மூன்று கட்சிக்காரர்களும் தூக்கிப் போட ஆள் தேடிக்கொண்டிருந்ததால் சும்மாவே கிடைத்தன. அவற்றின் வெள்ளைப் பின்பக்கம் உள்ளே வரும்படி கட்டினாள். வெளிச்சம் நன்றாகப் பரவும். அதனால் தலைவர்கள் எல்லோரும் வெளியே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். கூரைக்குக் கண்ணாடி போன்ற பாலிதீன். மூடிப்போன ஓட்டல் ஒன்றின் அடுக்களை விசிறிகள் இரண்டு.

விசிறி காற்றை வெளியே இழுக்கிற மாதிரி வைக்க வேண்டும் என்று, பார்க்கப் போயிருந்த நான் மேதாவித்தனமாகச் சொன்னேன்.

"உங்க அடுக்களையில போவுது வெறும் புகை. இங்க பெயிண்டுல கலக்குத தின்னராக்கும். மோட்டர்ல ஒரு பொறி விழுந்தா நானும் இல்ல, உங்க வண்டியும் இல்ல."

விசிறிகளை வெளியே நிறுத்தி, பஞ்சு ஃபில்டர் வழியாக நல்ல காற்றை உள்ளே தள்ளும்படி வைத்தாள். தின்னர் ஆவி மறுகோடியில் இன்னொரு ஃபில்டர் வழியாகத் தானாக வெளியேறியது.

முதல் முயற்சியாக ஒரு பழைய கதவை அடித்தாள். மழை விட்ட சாயங்காலம். எந்த இடுக்கு வழியாகவோ ஈசல் புகுந்து ஈரப் பெயிண்டில் அப்பிக்கொண்டது. ஜெஸ்லின் ஈசலின் ஏழு தலைமுறையையும் திட்டினாள். பிறகு ஒவ்வொரு இணைப்புக்கும் டேப் ஒட்டி, தூசி அடங்கத் தரையில் தண்ணீர் தெளித்து, மறுபடி அடித்தாள். கதவில் ஒரு புள்ளி இல்லை. அடுத்த வாரம் என் காரை உள்ளே விட்டாள்.

அதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிட்டது. பச்சை அடித்து முடித்து, மேலே பளபளப்புக்கான கிளியர் பூச்சு முடியப்போகும் நேரத்தில் ஜீப் ஒன்று வந்து நின்றது. தேர்தல் ஸ்குவாட். அனுமதியில்லாமல் இங்கே ஒரு பூத் நடக்கிறது என்று யாரோ போன் செய்திருக்கிறார்கள். யாரென்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. தேர்தல் நேரத்தில் பூத் என்றால் கட்சிக்காரர்கள் ஓட்டர் பட்டியலோடு உட்காரும் கொட்டகை அல்லவா? அதிகாரி ஸ்ரீகுமார் சுவரைப் பார்த்துக் குழம்பிப்போனார்.

"இது ஏது பார்ட்டியுடெ பூத்தா?"

எந்தக் கட்சி என்று நான் என்ன சொல்ல? மூன்று கட்சியும் இருந்தன. அந்தத் தலைவர்களில் ஒருவர் இந்த முறையும் வேட்பாளர். "பொளிச்சு மாற்றணம்" என்று, உடனே பிரித்தெடுக்கச் சொல்லி ஸ்ரீகுமார் வாசல் திரையில் கை வைத்தார்.

"தொடப்படாது!"

பூச்சை முடித்துவிட்டு மாஸ்க்கை இறக்கியபடி ஜெஸ்லின் வெளியே வந்து திரைக்கு முன்னால் நின்றாள். "வண்டிக்க பூத்தாக்கும் சாரே, பார்ட்டிக்க பூத்து இல்ல. உள்ள ஈரம். அரை மணிக்கூறு யாரும் திறக்கப்படாது. இது எனக்க முதல் வண்டி. தூசி விழுந்தா பெறவு ஒருத்தனும் எனக்கு வண்டி தரமாட்டான்."

"எங்கில் படம் அகத்தோட்டு திரிச்சு கெட்டிக்கோ." படத்தை உள்பக்கம் திருப்பிக் கட்டச் சொன்னார் ஸ்ரீகுமார்.

"பற்றூலா சாரே, முடியாது. அகத்த வெள்ளை வேணும். செவப்பும் காவியும் உள்ள வந்தா நிறம் எனக்க கண்ணுக்கு நேரா தெரியாது. எந்தத் தலைவருக்கும் எனக்க பூத்துக்க உள்ள இடமில்ல."

அரசாங்க ஜீப் அரை மணி நேரம் காத்து நின்றதை நான் கண்ணால் கண்டேன். ஸ்ரீகுமார் நிழலில் நின்று, வண்டி யாருடையது என்று கேட்டு என் பேரை வாங்கி, ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நேரம் ஆனதும் ஜெஸ்லின் திரையை விலக்கினாள். பானெட்டில் என் வழுக்கைத் தலை அப்படியே தெரிந்தது.

பிறகு கன்னில் சாம்பல் நிற பிரைமரை ஊற்றி வெளிச்சுவருக்கு வந்தாள். ஒரு சொட்டு வழியாமல் மூன்று கட்சித் தலைவர்களையும் ஒரே நிறமாக்கினாள்.

ஸ்ரீகுமார் காரைச் சுற்றி வந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சேட்டா, பணி கொள்ளாம்!" என்று வேலையைப் பாராட்டினார். பிறகு நோட்டீஸை என்னிடமே நீட்டினார். அனுமதியில்லாமல் படம் வைத்ததற்கு ஃபைன். பூத் உரிமையாளரும் பெயிண்டரும்: பூதலிங்கம்.

நான் வாழ்நாளில் ஒரு கேட்டுக்குக்கூடப் பெயிண்ட் அடித்ததில்லை. ஆனாலும் ஜெஸ்லினைத் தனியே அழைத்து, "விட்டுரு பிள்ளே, எம் பேருல இருந்துட்டுப் போட்டும். ஃபைனை நான் கெட்டிருதேன், உனக்கு எதுக்கு கேசு?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். "நீங்களும் கன்னு தூக்க வந்துட்டியளா சாரே?"

காகிதத்தை என் கையிலிருந்து பிடுங்கி அதிகாரி முன்னால் நீட்டினாள். "இந்தப் பேர வெட்டுங்க. எனக்க பேர எழுதுங்க."

"சேச்சி, இது ஃபைனாணு. சம்மானமல்ல." பரிசு என்று நினைத்துவிட்டாளோ என்று அவருக்குச் சந்தேகம்.

"ஃபைன்னு எனக்குத் தெரியும். எனக்க பூத்து, எனக்க பெயிண்டு, கேசும் எனக்காக்கும். ஜெஸ்லின், பெயிண்டர். ரெண்டையும் சேத்து எழுதுங்க."