நதியை மறைத்த சுவர்

ஜேசிபி வந்து நின்றுவிட்டது. கிடர்பூரில் ஹூக்ளி ஆற்றங்கரையில், வெள்ளைக்காரர் காலத்தில் ஃபிஜி முதலிய தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன கூலித் தொழிலாளர்களுக்காக நினைவுப் பூங்கா அமைத்துக்கொண்டிருந்தோம். லேண்ட்ஸ்கேப் டிசைன் என்னுடையது. கேட்டில் நுழைந்ததுமே ஆறு முழுதாகத் தெரிய வேண்டும் என்று வரைந்திருந்தேன். குறுக்கே நின்றது ஒரு பழைய செங்கல் சுவர். டிராயிங்கில் அதைச் சிவப்பு மையால் அடித்து ‘டிமாலிஷ்’ என்று எழுதியதும் நான்தான்.

அன்று காலை ஒரு பெண்மணி சைட்டுக்கு வந்தார். பெயர் சாவித்திரி. ஃபிஜியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய கொள்ளுப்பாட்டி இங்கிருந்துதான் கப்பலேறினாராம்.

“கப்பல் வரும்வரை அவங்களை எங்கே வச்சிருந்தாங்க?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பழைய சர்வே மேப்பைப் பிரித்துக் காட்டினேன். சுவருக்கு இந்தப் பக்கம்தான் டிப்போ, கப்பல் வரும்வரை கூலிகளை அடைத்துவைத்த கொட்டடி. அவர் போய்ச் சுவரடியில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனையோ முறை வந்த இடம். உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. ஃபெர்ரியின் ஹாரன் கேட்டது. சேற்று வாடை வந்தது. ஆறு மட்டும் தெரியவில்லை.

“அப்போ இவ்வளவு பெரிய தண்ணியைக் கப்பல் ஏறுற அன்னிக்குத்தான் பார்த்திருப்பாங்க, இல்லையா?”

எழுந்துபோய் ஜேசிபி டிரைவரிடம், “தாதா, ஆஜ் தாக்” என்றேன். அண்ணா, இன்றைக்கு வேண்டாம் என்று.

சீஃப் இன்ஜினியர் ரங்கநாதன் சாரும் என்னைப்போல் இந்த ஊரிலேயே பவானிபூரில் வளர்ந்த தமிழர். சுவரை இடிக்க வேண்டாம் என்றதும் போனில் கொதித்தார்.

“ஏம்மா, ரிவர் வியூவுக்குன்னுதானே பார்க்கையே சாங்ஷன் பண்ணாங்க? ஆத்தங்கரையில பார்க் போட்டுட்டு ஆத்தையே மறைப்பியா?”

“சுவரை ஒட்டியே நடந்து, கடைசியில திரும்பினா தெரியும் சார், கப்பலேறப் போனவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரியே.”

“அப்ரூவ் ஆன டிராயிங்ல கையெழுத்து யாரோடது?”

“என்னோடதுதான். தப்பு பண்ணிட்டேன்.”

“அதை எழுத்துல குடுப்பியா?”

கொடுத்தேன். என் டிசைன் தவறு என்று நானே எழுதிய முதல் கடிதம். திருத்திய பிளான் பாஸாக மூன்று மாதம் ஆனது. அதற்குள் அடுத்த புராஜெக்ட்டிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள்.

பழைய பிளானில் இருந்த நீரூற்றையும் பூப்பாத்திகளையும் கைவிட்டோம். சுவரில் முளைத்திருந்த அரசங்கன்றுகளை எடுத்துவிட்டு, காரை உதிர்ந்த இடங்களில் சுண்ணாம்புக் கலவை மட்டும் பூசினோம். பாதையைக் குறுகலாக்கினோம்.

திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, நுழைந்தவர்கள் எல்லாரும் காவலாளியிடம் “நதி கோதாய்?” என்று கேட்டார்கள். ஆறு எங்கே என்று தெரியாமல் சிலர் திரும்பியும் போனார்கள்.

ரங்கநாதன் சார் மனைவியோடு வந்திருந்தார். ஏதோ பேசிக்கொண்டே நடந்தவர், சுவர் முடிந்து திரும்பியதும் மனைவிக்கு ஆற்றைக் காட்டினார். இருவரும் வெகுநேரம் அங்கேயே நின்றார்கள். பிறகு என்னிடம் வந்தார்.

“கேட்கிட்ட ஒரு போர்டு வை. ஆறு எங்கேன்னு கேக்கறாங்க.”

“என்ன எழுதட்டும் சார்?”

“நடந்து போகணும்னு எழுது.”

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எதை நடுவது, எதை இடிப்பது என்று முடிவுசெய்யும் முன், அந்த இடத்தில் தரையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். நான் அதை முதல் பிளான் பாஸான பிறகுதான் செய்தேன்.