பன்றிக்கு இடமில்லை

ஒக்சிவிப் பள்ளத்தாக்கு முழுவதும் வாரன் என்ற ஆஸ்திரேலியனை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு விமானம் ஏறியது. அவன் கால்சட்டையில் எப்போதும் ஓர் ஓட்டை, வாயில் எப்போதும் ஒரு வசை. ஒருமுறை இறங்கும்போது ஓடுபாதை ஓரத்து வேலியை இடித்துத் தள்ளியும் இருக்கிறான். இருந்தாலும் அவன் வருகிற நாளில் மேட்டுக் குடிசைகளிலிருந்து கிழவிகள்கூட இறங்கி வந்து வரிசையில் நின்றார்கள். அதே பள்ளத்தாக்கில் பிறந்த ஒபேத், விமானத்தின் பெயின்டில் ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டுகிறவன், வந்து கதவைத் திறந்தால் ஏற ஆளில்லை. உள்ளூர் மாடு விலை போகாது என்பது நியூகினி மலைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அவனை யாரும் வெறுக்கவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சல். விமானியாக அவன் முதல்முறை அங்கே இறங்கிய நாளில் ஆண்கள் பறவை இறகு சூடி ஆடினார்கள். பெண்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சூட்டுக்கல் அடுப்பில் பன்றியும் சேப்பங்கிழங்கும் வெந்தன. எல்லாம் தின்று முடித்து, தபுபில் நகரத்துக்குப் போகிறவர்கள் ஏறலாம் என்று அவன் சொன்னதும் கூட்டம் காட்டுப்பக்கம் பார்த்தது. ஒருவனுக்கு முழங்கால் வலி. இன்னொருவனுக்குக் கனவு சரியில்லை. பாதிரியார் தமக்கு ஜெப வேலை இருப்பதாகச் சொன்னார்.

"விமானத்துல உக்காந்தே ஜெபிக்கலாமே பாஸ்டர்" என்றான் ஒபேத்.

"அங்க வர்ற ஜெபம் வேற மாதிரி வரும்டா" என்றார் அவர்.

ஏறியது யோமுக் ஒருவர்தான். ஒபேத்தின் தாய்மாமன். அப்பனை இழந்த மருமகனைத் தோளில் தூக்கிக்கொண்டு மலைமுகடு தாண்டி மிஷன் பள்ளியில் சேர்த்தவர். பையன் விமானம் ஓட்டப் படிக்க வேண்டும் என்றபோது, வாசலில் நின்ற பன்றிகளை ஒவ்வொன்றாக விற்றவர். அவர் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து, கதவை அறைந்து சாத்தி, வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்துத் தாடியைத் தடவிக்கொண்டார்.

அப்புறம் அவர் இறங்கவே இல்லை என்று சொல்லலாம். வாராவாரம் வந்தார். முதலில் கைத்தடியோடு மட்டும் வந்தார். அடுத்த வாரம் அத்தை கொடுத்த சேப்பங்கிழங்கு மூட்டை. அதற்கடுத்து மரப்பலகை, சேவல், ஒருமுறை யாருடைய வீட்டுக் கதவோ ஒன்று. திரும்பும்போது அரிசி மூட்டையும் தகரக் கூரையும். விமானம்தான் காலியாயிற்றே, எடைக் கணக்கு எங்கும் இடிக்கவில்லை. ஒபேத்துக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. தன்னை நம்புகிற ஒரே உயிரை எப்படித் தராசில் நிறுத்துவது? தராசு கொட்டகையில் சும்மா கிடந்து துருவேறியது.

மாதங்கள் இப்படியே போயின. ஒருநாள் கம்பெனி மேனேஜர் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். வாரன் ஊருக்குப் போய்விட்டான், இனி வரமாட்டான். ஒக்சிவிப்புக்கு இனி ஒபேத் மட்டும்தான்.

"உங்க ஊர்ல எறங்குற செலவுக்கு உங்க மாமா ஒருத்தர் போதாது ஒபேத். கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்கறேன். ஆள் ஏறலைன்னா அந்த நிறுத்தத்தை எடுத்துடுவேன்."

நிறுத்தம் போனால் என்ன ஆகும் என்று ஒபேத்துக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிரசவம் சிக்கினாலும் பாம்பு கடித்தாலும் முகடு தாண்டி நாள்கணக்கில் நடக்க வேண்டியதுதான். அவன் அப்பன் அப்படி நடந்த வழியில்தான் செத்தான்.

மறுவாரம் அவன் வெந்தினாவைத் தேடிப் போனான். மிஷன் பள்ளியில் அவனோடு படித்தவள், இப்போது தபுபில் சந்தையில் காய்கறி விற்கிறவள். விமானம் அவளுக்குத்தான் முதல் தேவை. ஆனாலும் வாரன் போன நாளிலிருந்து அவள் முட்டைக்கோசெல்லாம் தோட்டத்திலேயே அழுகிக்கொண்டிருந்தது.

"நெசத்தைச் சொல்லு வெந்தினா. நான் தாழம்பழம் பறிக்க ஏறி மரத்துலேருந்து விழுந்தேனே, அதை நெனச்சுத்தான் பயப்படறீங்களா?"

"ரெண்டு தடவை விழுந்தே" என்றாள் அவள். "ஆனா அதுக்கில்ல. நீ நல்லா ஓட்டுவேன்னு எல்லாருக்கும் தெரியும்."

"அப்பறம்?"

"உனக்கு இல்லைன்னு சொல்லத் தெரியாது."

அவள் புல்லில் உட்கார்ந்து, தலையில் பட்டை மாட்டிச் சுமக்கிற பிலும் பையை மடியில் வைத்துக்கொண்டு, சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

"வாரனுக்கு இந்த மலையில மாமன் இருக்கானா, மச்சான் இருக்கானா? பாதிரியார் பொண்டாட்டியையே தராசுல ஏத்தி, பூசணிக்காயைப் புடுங்கி வெளிய எறிஞ்சான். அவளும் திட்டிக்கிட்டே ஏறி உக்காந்தா. ஏன்னா அவன் எடை போட்டு எடுத்த விமானம் மேல போகும்னு தெரியும். உனக்குப் பள்ளத்தாக்கு முழுக்க சொந்தம். நான் ஏறி உக்காந்தப்பறம் உங்க அத்தை மூட்டையோட வருவா. மூணாவது வீட்டுப் பாட்டன் வருவான். கடைசியில உங்க மாமன் வருவாரு. நீ எல்லாத்தையும் ஏத்திக்குவே. புல்லு முடியற எடத்துல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியும். அந்த ஓடுபாதை மலைச்சரிவில் வெட்டிய புல்தரை. கீழிருந்து மேடேறி இறங்க வேண்டும், மேலிருந்து சரிவில் ஓடிப் பறக்க வேண்டும். புல் முடிகிற இடத்தில் நிலமும் முடிந்துவிடும். அதன்பின் வெகு ஆழத்தில் ஆறு. அதற்குள் சக்கரம் தரையை விடவில்லையென்றால் இரண்டாம் முயற்சி என்று ஒன்று கிடையாது.

"ஒரு தடவை ஏறிப் பாருங்க. ஒரே தடவை" என்றான்.

வெந்தினா நல்ல மனசுக்காரி. அழுகின முட்டைக்கோசும் அவளை உந்தியிருக்கலாம். அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்த்துவிட்டாள். பள்ளி ஆசிரியர், பல்வலியால் முகம் வீங்கிய ஒரு பெண், அவள் புருஷன், வெந்தினா, அவளுடைய கோசு மூட்டை. ஒபேத் தராசைத் துடைத்து எண்ணெய் போட்டு வெளியே எடுத்தான். எல்லோரையும் அதில் ஏற்றி எடை பார்த்தான். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சூட்டில் காற்று மெலிந்து, காலையில் தூக்கிய எடையை விமானம் உச்சிவெயிலில் தூக்காது. கணக்குப் போட்டுப் பார்த்தான். இன்னும் ஓர் ஆள் ஏறலாம், அதுவும் வெறுங்கையோடு.

அப்போதுதான் யோமுக் வந்தார். பின்னால் இரண்டு பேர் மூங்கில் கழியில் கட்டித் தூக்கி வந்தது அவருடைய பெரிய பன்றி. மகளைத் தபுபிலில் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கான பரிசத்தைக் கொடுத்தாகிவிட்டது, நாளைக்கு விருந்து. பெண்ணின் அப்பன் பதிலுக்கு ஒரு பன்றியைக் கொண்டுபோய் நிறுத்தாவிட்டால் மகள் அந்த வீட்டில் தலைநிமிர முடியாது.

"ஏத்துடா மருமவனே" என்றார், பன்றியைக் காட்டி.

தராசு அருகில் நின்றவர்கள் ஒபேத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். வெந்தினா விமானத்துக்குள் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் கை பிலும் பையின் பட்டையைப் பிடித்துக்கொண்டதை ஒபேத் பார்த்தான்.

"நீங்க வாங்க மாமா. பன்னிக்கு எடமில்ல."

"என்னது?"

"எடை ஏறிடுச்சு. நீங்க ஏறலாம், அது ஏற முடியாது. நாளைக்குக் காலையில முதல் வேலையா நானே வந்து..."

"நாளைக்கு மேகம் கவிஞ்சு நீ வரலைன்னா? பன்னி இல்லாம நான் போய் அங்க என்னத்தடா நிறுத்தறது, என் தாடியையா?" விமானத்துக்குள் எட்டிப் பார்த்தார். "அந்த வாத்தியாரை எறக்கு. அவன் போய் என்ன கிழிக்கப் போறான்."

"அவர் முதல்ல வந்தார் மாமா."

யோமுக் கத்தாமல், பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"உன்னைத் தோள்ல தூக்கிட்டு முகடு ஏறினேனே. அன்னிக்கு நான் எடை போட்டாடா பாத்தேன்?"

"இல்ல மாமா."

"சரி. நீ வாரனாயிட்டே. போ."

ஒபேத் கதவைச் சாத்தினான். விமானம் சரிவில் ஓடியது. புல் முடிவதற்கு நன்றாக முன்னாலேயே சக்கரம் தரையை விட்டது. பல்வலிக்காரி கை தட்டினாள். திரும்பிப் பார்த்தால் கொட்டகைக்குப் பக்கத்தில் மாமா கழியின் ஒரு முனையைத் தன் தோளில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

அவர் நடந்தே போனார். விருந்து முடிந்து சட்டி கழுவிய பிறகுதான் போய்ச் சேர்ந்தார். பன்றி வழியில் பாதியாக இளைத்திருந்தது. சம்பந்தி வீட்டார் அதைப் பார்த்து, இது பன்றியா நாயா என்று கேட்டார்களாம். மறுநாள் காலை மேகம் துளியும் இல்லை. சொன்னபடியே ஒபேத் காலி விமானத்தோடு வந்து, ஆள் இல்லாத கொட்டகையைப் பார்த்துவிட்டுப் போனான்.

அடுத்த வாரத்திலிருந்து விமானம் நிரம்பி வழிந்தது. மேனேஜர் அவன் முதுகில் தட்டினார். பாதிரியாருக்குக்கூட ஜெப வேலை குறைந்துவிட்டது. சந்தையில் மற்ற பள்ளத்தாக்குக்காரர்களிடம் ஒக்சிவிப் ஆட்கள் மார்தட்டினார்கள்: "எங்க ஆளு கல்நெஞ்சுக்காரன். பெக்காத குறையா வளத்த மாமனையே எறக்கி விட்டவன். தைரியமா ஏறலாம்." அவனைப் புகழ்வதாக நினைத்துத்தான் சொன்னார்கள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அவன் எழுந்து விமானத்தின் பக்கம் போய்விடுவான். அவனை நம்பாதவர்கள் எல்லோரும் நம்பத் தொடங்கினார்கள். நம்பியிருந்த ஒரே ஆள் மட்டும் அதன்பின் விமானத்தில் கால் வைக்கவில்லை. வருடக்கணக்கில் யோமுக் முகடு தாண்டி நடந்தார். மேலே பறக்கும்போது சில நாள் ஒபேத் அந்தப் பாதையில் கைத்தடி ஊன்றிய ஓர் உருவத்தைப் பார்த்து இறக்கையை ஆட்டுவான். உருவம் நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

அவனுக்கும் தலை நரைத்தது. ஒருநாள் குளிர்ந்த விடியலில் இறங்கியபோது கொட்டகையருகில் ஒரு கட்டிலைத் தூக்கி வந்து வைத்திருந்தார்கள். அதில் யோமுக் கிடந்தார். மூச்சு வாங்கியது, கால் வீங்கியிருந்தது. தபுபில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். விமானத்தில் வெந்தினாவும் இன்னும் மூவரும் முன்பே எடை பார்த்து ஏறியிருந்தார்கள்.

மாமாவைக் கைத்தாங்கலாகத் தராசில் நிறுத்தினார்கள். முள் கொஞ்சம் அசைந்து, அங்கேயே நின்றுவிட்டது. தன்னைச் சுமந்த தோள் இவ்வளவுதானா என்று ஒபேத் பார்த்துக்கொண்டே நின்றான்.

யோமுக்கும் முள்ளைப் பார்த்தார். பிறகு, இத்தனை வருடங்கள் கழித்து, மருமகனைப் பார்த்துப் பேசினார்.

"இப்ப பன்னிக்கு எடம் இருக்குமாடா?"

கட்டில்காலில் ஒரு பன்றி கட்டியிருந்தது. மகளுக்குத்தான், அந்தப் பழைய கடன் அவர் மனதில் ஆறவே இல்லை. ஒபேத் கணக்குப் போட்டான். குளிர்காற்று, மாமா காற்றை விடக் கனமில்லை. மறுபடியும் போட்டான். உண்மையாகவே இடம் இருந்தது.

"இருக்கு மாமா" என்றான். "ஏத்துங்கப்பா."

பன்றியைச் சாக்கில் சுற்றி வலையில் கட்டிப் பின்னால் ஏற்றினார்கள். அது முடியும்போது வெந்தினா பிலும் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கியிருந்தாள். அவள் பின்னால் மற்ற மூவரும் சத்தமில்லாமல் இறங்கினார்கள்.

"எங்க போறே? கணக்கு சரியா இருக்கு வெந்தினா. நெசமாவே சரியா இருக்கு."

"கணக்கு சரியாத்தான் இருக்கும் கேப்டன்" என்றாள் அவள் அன்பாக. "உன் மூஞ்சி சரியில்ல. நாங்க அடுத்ததுல வர்றோம்."

ஒபேத் மாமாவைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினான். காலி இருக்கைகளோடு சரிவில் இறங்கி, பாதிப் புல்லிலேயே மேலெழுந்தான். முகட்டு இடுக்கு வந்தபோது கண் மறைத்தது. மேகம் ஒன்றும் இல்லை. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். பக்கத்து இருக்கையில் போர்வைக்குள்ளிருந்து யோமுக் மெதுவாகத் திரும்பி, பின்னால் கிடந்த இருக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இவ்ளோ எடம் இருக்குன்னு சொல்லியிருந்தா" என்றார், "இன்னொரு பன்னி கொண்டாந்திருப்பேனேடா மருமவனே."