சிவப்புப் புள்ளியும் மாலைப் பாலும்

தரவு ஆய்வு என்றால் என்ன என்று என் மனைவிக்கு ஆறு வருடமாக விளக்கி வருகிறேன். "ஊர் ஊராப் போயி மாடு எண்ணுறாரு" என்றுதான் இன்றுவரை அவள் சொந்தக்காரர்களிடம் சொல்கிறாள்.

முழுக்கத் தவறு என்றும் சொல்ல முடியாது. மதுரையில் காளவாசல் பக்கம், ஒரு பேக்கரியின் மாடியில் எங்கள் அலுவலகம். ஒரு தனியார் பால் நிறுவனத்துக்காக வேலை செய்கிறோம். நான் கிராமங்களுக்குப் போய், யார் வீட்டில் எத்தனை மாடு, எவ்வளவு பால் என்று கேட்டுக் கைப்பேசிச் செயலியில் நிரப்புவேன். மொத்தம் இருபத்தாறு கேள்விகள். என் மேலதிகாரி திவ்யா மேடம் அந்தப் பதில்களைக் கணினியில் ஏற்றி, வரைபடத்தில் புள்ளி வைப்பார். நன்றாகப் பால் வரும் கொள்முதல் மையத்துக்குப் பச்சை. குறைந்தால் மஞ்சள். மூன்று மாதம் தொடர்ந்து குறைந்தால் சிவப்பு. சிவப்பு வந்துவிட்டால், அந்த மையத்தை மூடலாம் என்று நிறுவனத்துக்கு எழுதிவிடுவோம்.

போன வருடம், பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமம் சிவப்பானது. மூடலாமா வேண்டாமா என்று நேரில் பார்த்து மாதக் கடைசிக்குள் எழுத வேண்டியது என் வேலை. அந்த ஒரு மாதத்தில் நான் பட்டதை, ஏதாவது ஒரு படிவத்தை நிரப்பியோ நிரப்பச் சொல்லியோ அவதிப்பட்டிருக்கும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

கட்டாயக் கட்டம்

பேரையூருக்குப் போகும் முன் அலங்காநல்லூர் வேலை பாக்கியிருந்தது. அங்கே ராசு என்பவர் ஜல்லிக்கட்டுக் காளை ஒன்று வளர்க்கிறார். எங்கள் செயலிக்கு மாடு என்றால் மாடுதான்; அதில் ஆண், பெண் கிடையாது. 'ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்?' என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த கேள்விக்குப் போகவும் முடியாது. போதாததற்கு, மாட்டிலிருந்து ஐந்தடிக்குள் நின்று படம் எடுக்க வேண்டும் என்று விதி. நான் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று, படத்தைப் பெரிதாக்கி எடுத்தேன். லிட்டர் கட்டத்தில் பூஜ்யம் என்று போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கணினி மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தது. பிறகு ராசுவின் கைப்பேசிக்குத் தானாகவே ஒரு செய்தி அனுப்பியது: 'தங்கள் மாடு பால் தரவில்லை. உடனே கால்நடை மருத்துவரை அணுகவும்.' அன்று காலையே ராசு என்னை அழைத்தார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மெசேஜை அதுகிட்ட வாசிச்சுக் காட்டிட்டேண்ணே. நீங்க எப்ப நேர்ல வாரீங்கன்னு கேக்குது."

ஒன்பதா, மூன்றா?

உசிலம்பட்டிக்கு அருகில் பெருமாள் என்பவர் வீட்டுச் சுவர் ஓரமாக ஐந்து மாடுகள் நின்றன. "எத்தனை மாடு?" என்றேன். "ஏதோ ரெண்டு கெடக்கு" என்றார். மற்ற மூன்றும் எதிர்வீட்டு மச்சானுடையவை என்றார். எதிர்வீட்டில் நான்கு நின்றன. மச்சான் ஒன்றுதான் தன்னுடையது என்று சொல்லி, மீதி மூன்றுக்கும் பெருமாள் வீட்டைக் கைகாட்டினார். என் கண்ணுக்கு ஒன்பது; அவர்கள் வாய்க்கு மூன்று. நடுவில் ஆறு மாடுகள், தாங்கள் யாருடையவை என்ற கவலை இல்லாமல் அசைபோட்டுக் கொண்டிருந்தன.

இருக்கிற மாட்டை வாய்விட்டு எண்ணிச் சொன்னால் கண் பட்டுவிடும் என்பது இரண்டு வீட்டுக்கும் பொதுவான பயம். பால் நிறுவனத்துக்குச் சரியான கணக்கு வேண்டும் என்று நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். பெருமாளின் மனைவி எனக்கு டீ கொடுத்துவிட்டு, தீர்ப்பையும் அவரே சொன்னார்.

"எழுதிக்கங்கண்ணே, வேணாங்கல. எண்ணிறாதீங்க."

நாற்பத்தொரு மாட்டுக்காரி

இனி சிவப்புப் புள்ளிக்கு வருகிறேன். அந்த மையத்தை நடத்துகிறவர் முத்துப்பேச்சி. ஊராட்சியின் பழைய டிவி அறையில் ஒரு தராசையும் பால் தரம் பார்க்கும் எந்திரத்தையும் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார். இதை மூடிவிட்டால் அவர் வேலை போகும். ஊர்க்காரர்களோ பால் கேனைத் தூக்கிக்கொண்டு, மெயின் ரோட்டில் இருக்கும் அடுத்த மையத்துக்கு நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ்ஸும் இல்லை.

கிளம்பும் முன் கணினியில் அந்த ஊரைத் திறந்து பார்த்தேன். ஊர் முழுக்க ஒரே ஒரு வாடிக்கையாளர், பெயர் முத்துப்பேச்சி, மாடுகள் நாற்பத்தொன்று. ஊருக்குப் போய் விசாரித்தபோது விஷயம் புரிந்தது. பல வீடுகளில் கைப்பேசி வேலைக்குப் போன கணவரோடு திருப்பூரில் இருக்கிறது. பாலின் தரம் பற்றிய செய்தி வந்தால் வாசித்துச் சொல்ல ஆள் வேண்டுமே என்று, இருபத்துமூன்று வீட்டுக்காரர்களும் முத்துப்பேச்சியின் எண்ணையே கொடுத்திருக்கிறார்கள். கணினிக்கு முகம் தெரியாது, எண்தான் தெரியும். ஒரே எண் என்றால் ஒரே ஆள் என்று முடிவு கட்டிவிட்டது. ஒருத்திக்காக ஒரு மையமா என்ற கேள்வியும் அலுவலகத்தில் எழுந்துவிட்டது.

இதே கணக்கை நம்பி நிறுவனத்திலிருந்து ஒருவர் ஏற்கெனவே அந்த ஊருக்கு வந்திருக்கிறார். கையில் பொன்னாடை, கூடவே புகைப்படக்காரர். வட்டாரத்தின் சிறந்த பண்ணையாளரின் மாட்டுக் கொட்டகை எங்கே என்று கேட்டாராம். முத்துப்பேச்சி அவரை வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போய்ச் சொன்னதை, அட்சரம் பிசகாமல் எனக்கும் சொன்னார்.

"எங்கிட்ட இருக்கறது இந்த ஒரு வெள்ளாடுதான் சார். வேணும்னா இதுக்குப் போத்திட்டுப் போங்க."

ஆறு நாற்பது வண்டி

ஒரு முத்துப்பேச்சியை இருபத்துமூன்று வீடுகளாகப் பிரித்து எழுதினேன். எண் மட்டும் அதேதான். மாற்றிக்கொடுக்க யாரிடமும் வேறு எண் இல்லை. புள்ளி அப்போதும் சிவப்பாகவே இருந்தது. காலைப் பால் சரியாக வருகிறது; மாலைப் பால் மூன்று மாதமாகப் பூஜ்யம். மாடுகளுக்கு மாலையில் மட்டும் என்ன வியாதி?

அடுத்த முறை மாலை நான்கு மணிக்கே ஊருக்குள் போய்விட்டேன். வீட்டுக்கு வீடு பால் கறந்துகொண்டிருந்தார்கள். செம்பு நிறைய நுரை. ஆறு நாற்பதுக்குப் பால் வண்டி வந்து நின்றது. ஒரு சொட்டுப் பால்கூட வரவில்லை. எனக்கோ அதற்குள் ஐந்து வீடுகளில் ஐந்து டம்ளர் மோர் கிடைத்திருந்தது. விற்காத பாலையெல்லாம் உறைக்கு ஊற்றி, அந்த ஊரே மோராகக் குடித்துக்கொண்டிருந்தது.

காரணத்தை முத்துப்பேச்சிதான் சொன்னார். ஆறு மணி வாக்கில் அந்த ஊரில் விளக்கு வைத்துவிடுகிறார்கள். விளக்கு வைத்த பிறகு பாலை வீட்டுக்கு வெளியே கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் பாலோடு மகாலட்சுமியும் படியிறங்கிவிடுவாள். முன்பெல்லாம் வண்டி ஐந்து மணிக்கு வந்ததால் யாருக்கும் சிக்கல் இல்லை. முன்கூட்டியே ஊற்றி வைக்கலாம் என்றால், மையத்தில் குளிரூட்டும் வசதி கிடையாது. இரண்டு முறை ஊற்றிப் பார்த்து, இரண்டு முறையும் பால் திரிந்து கேன் திரும்பி வந்திருக்கிறது. சரி, வண்டியின் நேரத்தை மாற்றியது யார்? எங்கள் கணினிதான். டீசல் மிச்சம் என்று வழியைச் சுருக்கியதில் இந்த ஊர் கடைசிக்குப் போய்விட்டது. அதற்காக எங்களுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. கீழே பேக்கரியில் கேக் வாங்கிக் கொண்டாடினோம். நான் இரண்டு துண்டு தின்றேன்.

மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, போன முறை வந்தபோதே இதை ஏன் சொல்லவில்லை என்று முத்துப்பேச்சியிடம் கேட்டேன். அவர் என் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தார்.

"நீங்க கேட்ட இருபத்தாறு கேள்வியில அது இல்லையேண்ணே."

இருபத்தேழாவது கேள்வி

திவ்யா மேடம் கெட்டவர் இல்லை. ஆனால் எண்ணாகச் சொன்னால்தான் அவருக்குக் காது கேட்கும். மகாலட்சுமியை வரைபடத்தில் போட முடியாது, நேரமாகக் கொண்டுவாருங்கள் என்றார். மாதம் முடியப் பன்னிரண்டு நாட்கள் இருந்தன. மூன்று மாலைகள் அந்த ஊர்த் தெருக்களில் நடந்து, எந்த வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கு என்று குறித்தேன். பெரும்பாலும் ஆறு மணி. வெள்ளிக்கிழமை கால் மணி முன்னதாக. ஒரு வீட்டில் மட்டும் ஆறரை. மருமகள் மில்லிலிருந்து வர அவ்வளவு நேரமாகும். இரண்டாம் நாள் என்னைக் கண்டதுமே சில வீடுகளில் அவசரமாக விளக்கேற்றினார்கள், தாமதமானால் எங்காவது எழுதிப் போட்டுவிடுவேனோ என்று. அந்த நேரங்களை எல்லாம் நேர்மையாக அடித்துவிட்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்தையும் வண்டி வரும் நேரத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த மேடம் கைப்பேசியை எடுத்தார். தானே நிறுவனத்தை அழைத்து, வழியைச் சுருக்கியது எங்கள் தவறு, பழைய வழியில் ஒரு வாரம் வண்டியை விட்டுப் பாருங்கள் என்று கேட்டார். வண்டி ஐந்து மணிக்கு வரும் என்று இருபத்துமூன்று வாடிக்கையாளர்களுக்கும் கணினி செய்தி அனுப்பியது. இருபத்துமூன்று செய்திகளும் முத்துப்பேச்சியின் கைப்பேசியில் வரிசையாக வந்து விழுந்தன. அவர் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, தெருத்தெருவாகப் போய்ச் சொன்னார். முதல் நாள், சந்தேகத்தோடு இரண்டே பேர் செம்போடு வந்தார்கள். மூன்றாம் நாள் டிவி அறை வாசலில் வரிசை நின்றது. வாரக் கடைசியில் புள்ளி மஞ்சளானது. 'மூட வேண்டாம்' என்று எழுதி நானே கையெழுத்துப் போட்டேன்.

பழைய வழி சுற்று வழி. அதனால் வண்டி ஓட்டும் செல்வம் மூன்று மணிக்கே கிளம்ப வேண்டியதாயிற்று. இதற்குள் மேடம் எங்கள் செயலியில் 'விளக்கு வைக்கும் நேரம்' என்று இருபத்தேழாவது கேள்வியைச் சேர்த்துவிட்டார், கட்டாயக் கட்டம். இனி எல்லாரையும் கேட்டுத்தான் முடிவு செய்வோம் என்று நான் பெருமையாகச் சொன்னபோது, செல்வம் சாவியைச் சுழற்றிக்கொண்டே கேட்டார்.

"மாட்டக் கேட்டாச்சு, சாமியக் கேட்டாச்சு. என் மத்தியானத் தூக்கத்த எந்தக் கட்டத்துல போட்டீங்கண்ணே?"

மதுரையைச் சுற்றி எந்த ஊரில் எத்தனை மணிக்கு விளக்கு எரியும் என்பது இப்போது எங்கள் கணினிக்கு நிமிட சுத்தமாகத் தெரியும். உசிலம்பட்டிப் பெருமாளுக்கு எத்தனை மாடு என்பதுதான் இன்னும் தெரியாது.