ரெண்டு வேளைத் தண்ணி

கவரைப்பேட்டைக்கு மேற்கே ஓர் ஊராட்சியில் ராஜமாணிக்கம் குடிநீர்த் தொட்டி ஆபரேட்டர். 2004 ஜூன் முதல் தேதி வேலையில் சேர்ந்தார். காலை ஐந்தே முக்காலுக்கு வால்வைத் திறந்து ஏழு மணிக்கு மூடுவார். இந்த இருபத்தொரு வருஷம் பத்து மாதத்தில் ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை.

சட்டமன்றத் தேர்தலுக்குப் பதினோரு நாள் இருக்கையில் ஒரு டி.வி. சேனலின் ஆட்கள் வேனில் வந்து இறங்கினார்கள். தேர்தலால் ஊருக்கு ஏதாவது நன்மை உண்டா என்று மைக்கை நீட்டினார்கள். கோடையில் ஒரு வேளைதான் தண்ணீர். இந்த முறை மாலையிலும் விடச் சொல்லியிருந்தார் ஊராட்சிச் செயலர். ராஜமாணிக்கம் அதைத்தான் சொன்னார்: "எலெக்சன் வந்ததிலேருந்து ரெண்டு வேளையும் தண்ணி உட்டுக்கினு கீறேன். யாருக்கும் இல்லன்றதில்ல."

மறுநாள் செய்தியில் கேள்வியைக் காணோம். பதில் மட்டும் இருந்தது. பக்கத்தில் வேறெங்கோ எடுத்த மதுப் பாட்டில்கள். கீழே சிவப்புப் பட்டையில், 'ஓட்டுக்கு இரு வேளை தண்ணி: ஊராட்சி ஊழியர் பகீர் ஒப்புதல்'.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. "சாயந்தரம் கொடம் எடுத்தாரவாண்ணே, கிளாஸு எடுத்தாரவா?" என்றான் பக்கத்து வீட்டு சாம்சன். ராஜமாணிக்கமும் சிரித்தார்.

புதன்கிழமை நான்கு பேர் அதே சேனலில் உட்கார்ந்து விவாதித்தார்கள். எந்தக் கட்சி ஊற்றியது என்பதுதான் வழக்கு. ஊற்றினார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை அவரைக் கண்டதும் குழாயடியில் பேச்சு நின்றது. குடியால் மகன் கம்பெனி வேலையை இழந்துவிட்ட ஞானம்மா, நிரம்பும் குடத்தைப் பார்த்தபடியே கேட்டாள்: "எம்புள்ளைக்கு எத்தினி நாளா ஊத்திக்கினு கீற?"

வேலை போய்விடுமோ என்ற பயம் ராஜமாணிக்கத்துக்கு அப்போதுதான் வந்தது.

வெள்ளிக்கிழமை கும்மிடிப்பூண்டி ஒன்றிய அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். தண்ணீர் திறந்து மூடிய நேரமெல்லாம் எழுதிய பதிவேட்டைக் கொண்டுபோனார். அதிகாரி நான்கு பக்கம் புரட்டினார். நம்பவும் செய்தார்.

"நான் நம்பினா ஆச்சா? ஊரே டி.வி.ல பாத்திருக்கு. எலெக்சன் முடியற வரைக்கும் வால்வு பக்கம் போவாதய்யா. அப்பறம் பாக்கலாம்."

அப்புறம் என்ன பார்ப்பார் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தார்.

வீட்டில் மனைவி அஞ்சம்மாள் சோறு போட்டாள். அதிகாரி நல்லவிதமாகத்தான் பேசினார், அவருக்கு உண்மை தெரிந்துவிட்டது என்று அவளிடம் சொன்னார். அவள் குழம்பை ஊற்றிவிட்டு, "தப்பு இல்லன்னு எழுதிக் குடுத்தாரா?" என்றாள்.

கேட்கத் தோன்றவில்லை என்றார்.

"அப்ப டி.வி. சொன்னதுதான் நிக்கும்."

அவர் பாதிச் சோற்றில் கையைக் கழுவினார். மணி மூன்று இருபது. அலுவலகம் ஐந்தே முக்காலுக்கு மூடிவிடும். கழற்றிய சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்துக்கு வேகமாக நடந்தார்.