குட்டியின் போன்

ஆன்டெனா அக்கா நடக்கும்போது கண் தரையில் இருக்காது. எங்கள் ஆஸ்பத்திரியின் வைஃபை முழுக்க அவள் பொறுப்பு; நான் அவளோடு வேலை பார்ப்பவன். வார்டு வார்டாக அண்ணாந்து பார்த்தபடி மிதந்து போவாள். எதிரே ஸ்ட்ரெச்சர் வந்தால் நாங்கள்தான் கையைப் பிடித்து ஒதுக்க வேண்டும். கேட்டால், காற்று முழுக்க ஆட்கள் பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.

"ப்ளூடூத்துக்கு ஆள் பக்கத்துல இருக்கணும். வைஃபை வீட்டையும் வாசலையும் பாத்துக்கும். டவர் சிக்னல் ஊரெல்லாம் சுத்தும், ஆனா கூப்பிட்டா எடுக்கணுமே!" என்பாள்.

எடுக்காதவள் அவள் தங்கை குட்டி. அம்மா அப்பா போன பிறகு அக்கா வளர்த்த பெண். கல்யாணப் பேச்சு வந்தபோது, "அவனெல்லாம் ஒரு மாப்பிள்ளையா?" என்று அக்கா வார்த்தையை விட்டுவிட்டாள். குட்டி அவனையே கட்டிக்கொண்டு அக்கா இருக்கும் தெருவின் கோடியிலேயே குடிபோனாள். அக்கா தேடிப்போனபோது கதவு திறக்கவில்லை.

ஆனால் சாயங்காலம் குட்டி வேலை முடிந்து அந்த வழியாகப் போகும்போது, அவள் போன் தானாக அக்கா வீட்டு வைஃபையில் ஒட்டிக்கொள்ளும். அக்காவின் கம்ப்யூட்டரில் 'குட்டி' என்று பெயர் எழும், உடனே மறையும். அதைப் பார்க்கத்தான் அக்கா அடித்துப் பிடித்து வீட்டுக்கு ஓடுவாள். பேரைப் பார்த்து வயிறு நிறையுமா என்று எனக்கு எரிச்சலாக வரும். அவள் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும்.

அக்கா வீட்டுப் பழைய ரவுட்டர் மண்டையைப் போட்டதும், புதியதை மாட்ட நான் போனேன்.

"பேரும் பாஸ்வேர்டும் பழசே இருக்கட்டும்" என்றாள்.

"மாத்துங்கக்கா, அது ஊருக்கே தெரியும்."

"ஒரு எழுத்து மாறினாலும் அவ போனுக்கு நம்ம வீடு தெரியாதுடா."

பழையதையே போட்டேன். ஜன்னலில் மஞ்சள் வெயில் சாய்ந்திருந்தது. 'குட்டி' எழுந்தது. மறையவில்லை.

"புது ரவுட்டராச்சே, தெருக்கோடி வரைக்கும் எட்டுது" என்று அக்கா பூரித்துப்போனாள். "இனிமே ராத்திரியெல்லாம் அவ இங்கதான் இருப்பா." அந்தப் பெயரைக் கனவில் பார்ப்பவள் போலப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் தலையாட்டினேன். இரண்டு பேரும் நெட்வொர்க்கில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்!

பாட்டாவது கேட்கலாமென்று அலமாரியில் கிடந்த ஸ்பீக்கரை ஆன் செய்தேன். கடைசியாகப் பழகிய போனை அது தானே தேடும். இணைந்துவிட்டதாக மணி அடித்தது.

"யார் போனுக்கா? நான் ப்ளூடூத்தே போடலையே."

"அது குட்டியோட ஸ்பீக்கர்" என்றாள் அக்கா. ப்ளூடூத் தெருக்கோடிக்கு எட்டாது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். தட்டவா வேண்டாமா என்று கையைத் தூக்கியபடி குட்டி நின்றிருந்தாள்.

"நீயும் திறக்க மாட்டியோன்னு நின்னுட்டே இருந்தேன்க்கா."

அக்கா அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். தோளுக்கு மேல் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை எங்கடி? அவரையும் வரச்சொல்லு."