பேக்கன் வறுபடும் சத்தம்

காது கேட்காதவளுக்கு வெல்டிங் என்னத்துக்கு என்று கேட்காத ஆளே அந்தக் கடற்கரையில் இல்லை. இறால் தொழிற்சாலையில் பக்கத்தில் நின்று தலை கிள்ளிய தோழிகள் கேட்டார்கள். படகு வைத்திருக்கும் தம்பி ரெமி கேட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது பாதிரியார்கூடக் கேட்டார். கோரலி நெகேஸ் எல்லாருக்கும் கைகளால் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "இறாலுக்கு மட்டும் காது எதுக்கு வேண்டியிருந்துச்சு?"

அப்போது அவளுக்கு நாற்பத்துநான்கு வயது. குழந்தையில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது. மற்றபடி ஆள் கல் மாதிரி. தொழிற்சாலையை இழுத்து மூடியபோது மற்றவர்களைப் போல அவள் மூலையில் உட்காரவில்லை. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கப்பல் பட்டறைக்கு எத்தனை வெல்டர்கள் வந்தாலும் போதாது என்பது ஊருக்கே தெரியும். சமுதாயக் கல்லூரியில் வெல்டிங் படிக்கலாம். முடிவில் வெளியிலிருந்து ஒருவர் வந்து பிளேட் பரீட்சை வைப்பார், இரும்புத் தகடுகளை ஒட்டவைத்துக் காட்ட வேண்டும். அதில் தேறினால் பட்டறையில் வேலை. தேறாவிட்டால் ரெமி வீட்டுப் பின்னறையில், அவன் பெண்டாட்டி முகத்தில் விழித்துக்கொண்டே மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டியதுதான். இதுதான் நிலவரம், இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை.

முதல் வாரம் அவள் செய்த கூத்தைச் சொன்னால் சிரிப்பு வரும். ஜாக்சன் நகரத்தில், காது கேளாதோர் பள்ளியில் படித்தவள். அங்கே எல்லாம் தானாக வந்தது. கல்லூரியிலும் அப்படித்தான் யாராவது சைகைக்காரர் வந்து நிற்பார் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. வாத்தியார் டாரினின் உதட்டைப் படிக்கலாம் என்றால், அந்த மனிதன் மீசையும் தாடியுமாக ஒரு புதர் வளர்த்து வைத்திருந்தான். பக்கத்தில் இருந்த லெமுவெல், கடலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், இந்த வேடிக்கையைப் பொறுக்க முடியாமல் ஒரு அட்டையில் எழுதி நீட்டினார்: "நூலகத்துக்குப் பக்கத்து அறை. மிஸ் வெர்னிட்டாவைப் பார். இன்னைக்கே."

மிஸ் வெர்னிட்டா போல்டன் மேசையில் எப்போதும் ஒரு கிண்ணம் அவித்த வேர்க்கடலை இருக்கும். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவி அறை அது. அவருக்குச் சைகை கொஞ்சம்தான் தெரியும், அதுவும் மழலை. தெரிந்த வரைக்கும் கையாலும், மீதியை எழுதியும் திட்டினார்.

"ஒரு வாரமா சும்மா உக்காந்திருந்தியா கண்ணு? நல்ல ஆளுடி நீ! இது பள்ளிக்கூடம் இல்ல. இங்க நீ வந்து கேட்டாத்தான் நாங்க வரமுடியும். உனக்கு என்ன குறைன்னு வாசல் வாசலாப் போயி விசாரிக்கவா முடியும்?"

அன்றே எல்லாம் நடந்தது. வகுப்புக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பவர் கையைப் பார்த்துக்கொண்டே குறிப்பெடுக்க முடியாதே, அதற்காகக் குறிப்பெழுதிக் கொடுக்க ஒரு சக மாணவர். லெமுவெல் தானே கையைத் தூக்கிவிட்டார். எழுத்துப் பரீட்சைக்குத் தனி அறை, கூடுதல் நேரம். பட்டறைக் கூடத்தின் தீ எச்சரிக்கை மணிக்குப் பக்கத்தில் பளிச்சிடும் விளக்கு. கோரலிக்குக் கூச்சமாகிவிட்டது.

"என் ஒருத்திக்கா இவ்வளவு? உங்களுக்கெல்லாம் தொந்தரவு."

"அடிப் போடி! வாசல்ல சாய்தளம் போட்டிருக்கோம். சக்கர நாற்காலியில வர்ற பசங்க, ஏறும்போதெல்லாம் எனக்கு வணக்கம் வெச்சுட்டா ஏறுறாங்க? கடலையை எடுத்துக்கிட்டு வகுப்புக்கு ஓடு."

சொல்வது சரிதான், உரிமைதான். ஆனாலும் அன்று படியிறங்கும்போது கோரலியின் நெஞ்சு நிறைந்திருந்தது. உரிமை என்றால் நன்றி இருக்கக்கூடாது என்று எவன் சொன்னான்?

மறுநாள் டாவியா வந்தாள். முப்பது வயதுப் பெண். கை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கறுப்புச் சட்டை போட்டிருந்தாள். அவளுடைய தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு: காதில் விழுவதையெல்லாம் ஒன்று விடாமல் கையில் சொல்ல வேண்டும், கோரலி கையில் சொல்வதையெல்லாம் 'நான்' என்றே வாயால் சொல்ல வேண்டும், சொந்தச் சரக்கு சேர்க்கக்கூடாது. இதை அறியாத டாரின் அவளைப் பார்த்து, "அந்தம்மாகிட்ட சொல்லுங்க, கையுறை போட்டுக்கச் சொல்லி" என்றான். டாவியா அதை அப்படியே கையில் வைத்தாள். கோரலி திரும்பிப் பார்த்துவிட்டுக் கையசைத்தாள். டாவியாவின் வாய் பேசியது: "எந்தம்மாகிட்ட? நான் இங்கதானே நிக்கிறேன், மிஸ்டர் டாரின்."

டாரினுக்கு முப்பதுதான் இருக்கும். தாடிக்கு மேலே தெரிந்த இடமெல்லாம் சிவந்துபோயிற்று.

பின்வரிசையில் தடியன் ஒருவன், டக்கெட் என்று பேர், மெதுவாகத்தான் சொன்னான்: "இந்தச் செவிடு ஒருநாள் நம்ம எல்லாரையும் கொளுத்தப்போகுது பாரு." அதையும் டாவியா கையில் சொன்னாள், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல். கோரலி அவன் பக்கம் திரும்பிக் கையசைத்தாள். டாவியாவின் வாய் கணீரென்று சொன்னது: "என்னைப் பத்தி அப்புறம் பேசலாம் ராசா. மொதல்ல உன் சட்டைய அணை."

நிஜமாகவே அவன் சட்டைக் கையில் தீப்பொறி விழுந்து புகைந்துகொண்டிருந்தது. கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து டக்கெட் அவளுக்குக் காபி வாங்கிக் கொடுக்கும் ஆளாகிவிட்டான்.

ரெமி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லாரும் சிரிப்பார்கள். என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, விடு" என்பார்கள். நாற்பது வருஷமாக ஒண்ணுமில்லையைத் தின்று வளர்ந்தவள் அவள். இப்போதோ டக்கெட்டின் காதல் விவகாரம், மதிய உணவு வண்டியில் இறால் ரொட்டி எத்தனை மோசம் என்ற புலம்பல், டாரின் முணுமுணுக்கும் கெட்ட வார்த்தை எல்லாமே அவளுக்கு வந்து சேர்ந்தன. பாதிக்கு மேல் குப்பைதான். இருந்தால் என்ன? எல்லாருக்கும் கிடைக்கிற குப்பை அவளுக்கும் கிடைத்தது. வீட்டுக்குப் போகும் வழியில் அவள் தனியாகச் சிரித்துக்கொண்டே பேருந்தில் உட்கார்ந்திருப்பாள்.

டாவியா கையுறை போடமாட்டாள். தீப்பொறி தெறிக்கிற இடம், போட்டுக்கொள் என்று கோரலி கெஞ்சினாள். "கையுறை போட்டா எனக்குத் திக்கும்" என்றாள் டாவியா. அந்த விரல்களில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். கோரலி அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் திருப்பிக்கொள்வாள்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. வெல்டிங் கற்றுக்கொடுப்பவர்கள் எல்லாருக்கும் வாயில் ஒரே பாட்டுதான்: சத்தத்தைக் கேள். உருக்கும் ராடு பிளேட்டிலிருந்து சரியான தூரத்தில் இருந்தால், வாணலியில் பேக்கன் என்கிற பன்றிக்கறிச் சீவல் வறுபடுகிற மாதிரி ஒரே சீராகச் சடசடக்கும். தூரம் போனால் சீறும், நெருங்கினால் அடங்கி ஒட்டிக்கொள்ளும். டாரினும் அதையேதான் சொல்லிக்கொடுத்தான், அவனுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முகக் கவசத்தை இறக்கிவிட்டால் கோரலிக்கு நெருப்புப் புள்ளியைத் தவிர உலகமே இருட்டு. டாவியா பக்கத்தில் நின்று பத்து விரலாலும் கத்தினாலும் தெரியாது. அவள் போட்ட வெல்டிங் கோடுகள் கோழி கிளறிய மண் மாதிரி கிடந்தன. பயிற்சி பிளேட்டை வளைத்தால் பிஸ்கட் மாதிரி உடைந்தது.

மூன்றாவது பிளேட்டும் உடைந்த அன்று டாரின் நேராக மிஸ் வெர்னிட்டாவிடம் போனான். கோரலியும் டாவியாவும் பின்னாலேயே போனார்கள்.

"மேடம், எனக்கு அவங்க மேல கோபம் ஒண்ணும் கிடையாது. ஆனா வெல்டிங்கே காதாலதான். சத்தம் கேக்காம இதைக் கத்துக்க முடியாது. அவங்க வேற படிப்புக்குப் போறதுதான் அவங்களுக்கு நல்லது."

வேறு படிப்பு என்றால் என்ன, தட்டச்சா? கோரலிக்கு ரெமி வீட்டுப் பின்னறைதான் கண்ணில் தெரிந்தது.

மிஸ் வெர்னிட்டா கடலைத் தோலை நிதானமாக உரித்தார். "சரி கண்ணு, எனக்கு வெல்டிங் தெரியாது, ஒண்ணு சொல்லு. பரீட்சைக்கு வர்றவர் பிளேட்டைக் காதுல வெச்சுப் பாப்பாரா?"

"இல்ல மேடம். வெட்டி வளைப்பார். விரிசல் விடுதான்னு பாப்பார்."

"அப்ப மார்க், விரிசல் விடாததுக்கு. சத்தம் நீ போற ரோடு, அவ்வளவுதான். ஊருக்கு அந்த ஒரு ரோடுதானா?"

"வேற ரோடு எனக்குத் தெரியாதே!"

"தெரியாதுன்னா பாடத்துல தப்பில்ல, அவ மேலயும் தப்பில்ல. போயித் தேடு. தேடிட்டு இல்லன்னு வந்து சொல்லு, அப்பப் பேசுவோம்."

கோரலி குறுக்கே கையை நீட்டினாள். டாவியா சொன்னாள்: "நானும் தினம் பேக்கன் வறுக்கிறேன், மிஸ்டர் டாரின். ஒருநாளும் கருகினதில்ல. வாணலிக் காம்பைப் பிடிச்சிருக்கேன்ல, கையில தெரியும்."

டாரின் தாடியைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

வாரக்கடைசி கழிந்து வந்தவன், கண்ணெல்லாம் சிவந்து, நேராகக் கோரலியிடம் வந்தான். டாவியாவைப் பார்க்கவில்லை, கோரலியையே பார்த்துப் பேசினான்.

"காதுல பஞ்சை அடைச்சு, மேல காதுமூடியும் போட்டுக்கிட்டு, ரெண்டு நாளா வீட்டுக் கொட்டகையில வெல்டிங் பண்ணினேன். மொத நாள் ராடு பிளேட்ல ஒட்டிக்கிட்டே இருந்துச்சு, புதுசா வந்த பையன் மாதிரி. எம்பொண்டாட்டி பாத்துட்டு, பைத்தியம் பிடிச்சிருச்சான்னு கேட்டா."

"பிடிச்சிருச்சா?" என்றாள் கோரலி.

"கொஞ்சம். ஆனா நீங்க சொன்னது சரி, ராடைப் பிடிக்கிற ஹோல்டர்ல ஒரு நடுக்கம் இருக்கு. சரியான தூரத்துல பூனை உறுமுற மாதிரி சன்னமா நடுங்குது, தூரம் போனா செத்துப்போகுது. உருகின இரும்புக் குழம்போட பின்பக்கமும் பேசுது, உருண்டையா இருந்தா சரி, மூக்கு நீண்டா நீங்க அவசரப்படுறீங்க. பத்து வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், இதை நான் கவனிச்சதே இல்ல. அம்மா, நான் உங்களை அனுப்பப் பாத்தேன். மன்னிச்சுக்கங்க."

கோரலி தன் ராடையும் ஹோல்டரையும் எடுத்து அவன் கையில் வைத்து, காட்டு என்று சைகை செய்தாள். அவன் பிடித்த கைமேல் தன் கையை வைத்து அந்த நடுக்கத்தை வாங்கிக்கொண்டாள். பிறகு அவள் பிடித்தாள், அவன் தோளைத் தொடட்டுமா என்று கேட்டுக்கொண்டு பின்னால் நின்றான். ஒரு தட்டு என்றால் நெருங்கு. இரண்டு தட்டு என்றால் மெதுவாக. தோளைப் பிடித்து இழுத்தால் நிறுத்து. லெமுவெல் தன் குறிப்பில் இதையும் எழுதிவைத்தார், ஓரத்தில் உறுமுகிற பூனைப் படத்தோடு.

மாதங்கள் ஓடின. உடைந்த பிளேட்டுகள் குறைந்தன. தட்டுகளும் குறைந்தன.

பரீட்சைக்கு வந்தவர் நெட்டையான, சிரிக்கத் தெரியாத மனிதர், ஓஷியா என்று பெயர். மொழிபெயர்ப்பாளர் இருக்கலாம், தீ விளக்கு இருக்கலாம், அதெல்லாம் சரி என்றார். டாரின் கோரலியின் பின்னால் போய் நின்றதும் தலையை ஆட்டினார்.

"யாரும் தொடக்கூடாது. வெல்டிங் நடக்கும்போது வாத்தியாரோட கை மேல படக்கூடாது."

டாரின் பின்வாங்கினான். கோரலி அவன் முகத்தைப் பார்த்தாள். அவனுடைய முகம்தான் பரீட்சை எழுதுகிறவன் முகம் மாதிரி இருந்தது. அவள் கவசத்தை இறக்கினாள்.

இருட்டு. ராடு தொட்டது, வெளிச்சம் பற்றியது. கையில் அந்தப் பூனை நடுக்கம் வரவில்லை. பிறகு மூச்சை விட்டு, முழங்கையை உடம்போடு ஒட்டி, கொஞ்சமே கொஞ்சம் நெருங்கினாள். வந்தது. சன்னமாக, சீராக, ஹோல்டரிலிருந்து மணிக்கட்டுக்கு, மணிக்கட்டிலிருந்து தோளுக்கு. குழம்பின் பின்பக்கம் உருண்டு நின்றது. அவள் அதோடு போனாள், அவசரமில்லாமல், மேலே, இன்னும் மேலே.

பிளேட்டை ஆறவைத்து, துண்டு வெட்டி, ஓஷியா வளைக்கும் இயந்திரத்தில் வைத்தார். எல்லாரும் சுற்றிக் கூடிவிட்டார்கள், மிஸ் வெர்னிட்டாகூட அறையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். இரும்பு குதிரைலாடம் போல வளைந்தது. ஓஷியா அதை வெளியே எடுத்து, விளக்கில் காட்டி, கட்டைவிரலால் தடவி, திருப்பி, மறுபடி தடவினார். பிறகு வாயைத் திறந்து என்னவோ சொன்னார்.

டக்கெட் குதித்தான். லெமுவெல் தொப்பியைக் கழற்றினார். டாரின் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். கோரலி டாவியாவைப் பார்த்தாள். டாவியாவின் இரண்டு கைகளும் அவளுடைய சொந்த முகத்தையே மூடியிருந்தன, தோள் குலுங்கியது.

கோரலி அவள் முழங்கையில் ஒன்று வைத்தாள். விரலிடுக்கில் டாவியாவின் கண் தெரிந்ததும் சைகையில் திட்டினாள்.

"ஏய்! கையை எடு! உன் வேலையைப் பாரு! அவரு என்ன சொன்னாரு?"

டாவியா கையை எடுத்தாள். ஈரமான, கொப்புளம் காய்ந்த விரல்கள் சொன்னன: "விரிசல் இல்ல. சான்றிதழ்ல எழுதணுமாம். பேரைச் சொல்லுங்கன்னு கேக்கிறாரு."

கோரலி ஓஷியாவின் பக்கம் திரும்பினாள். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை விரல்களில் வைத்தாள், பிறகு இன்னும் ஒரு சொல். அவள் சொல்வதையெல்லாம் டாவியாதான் 'நான்' என்று சொல்ல வேண்டும். டாவியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"நான் கோரலி நெகேஸ். வெல்டர்."