இடது கைக் கையெழுத்து

நெய்வேலிப் பட்டதாரி மகளிர் சங்கத்தில் புதிதாகச் சேரும் பெண் முதல் நாள் பதிவேட்டில் இடது கையால்தான் கையெழுத்துப் போட வேண்டும். பெயரை எழுதி, பக்கத்திலேயே பட்டத்தையும் எழுத வேண்டும். எழுத்து கோணிக்கொண்டு போகும். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஏன் இடது கை என்று கேட்டால், "தமயந்தியக்கா அந்தக் கையாலதான் தனகோட்டியோட விரல வெட்டினாங்க" என்று பதில் வரும். ஏழு வருஷம் போல அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தமயந்தி பிறந்த ஊர் இப்போது இல்லை. சுரங்கத்துக்கு எடுத்த ஊர்களில் அதுவும் ஒன்று. நிலம் போனதற்கு ஈடாக அவளுடைய அண்ணன் கொளஞ்சிநாதனுக்கு கன்வேயர் பெல்ட் பிரிவில் பர்மனென்ட் வேலை கிடைத்தது. அவன் எட்டாவதோடு நின்றவன். தங்கையை நிற்க விடவில்லை. கடலூருக்கு பஸ்ஸில் அனுப்பிப் படிக்க வைத்தான். 1970ஆம் வருஷம் வேதியியலில் பி.எஸ்சி. முடித்தாள், அறுபத்தொன்றே முக்கால் சதவீதம். டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆனாள்.

சங்கம் தொடங்கியது 1976 பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. தலைமையாசிரியை ஜானகியம்மாளின் குவார்ட்டர்ஸில் ஏழு பட்டதாரிப் பெண்கள் கூடியிருந்தார்கள். என்ன பெயர் வைப்பது என்பதிலேயே ஒரு மணி நேரம் போனது.

"மன்றம்னு வைக்கலாமே" என்றார் ஜானகியம்மாள்.

"எந்த நடிகருக்குன்னு கேப்பாங்க, டீச்சர்" என்றாள் தமயந்தி.

"கழகம்?"

"எலெக்‌ஷன்ல நிக்கப் போறமா?"

"அப்ப சபை."

"அது வடலூர்ல இருக்குதே. கஞ்சி ஊத்துவீங்களான்னு தூக்கு எடுத்துகினு வந்துடுவாங்க."

மிச்சம் இருந்தது சங்கம் ஒன்றுதான். அதையே வைத்தார்கள். நெய்வேலியில் சங்கம் என்றால் யூனியன், வேறு எதுவும் இல்லை என்பது அங்கேயே குடியிருந்த ஏழு பேரில் ஒருவருக்கும் அன்று தோன்றவில்லை. போதாததற்கு, கொட்டகை போட இடம் கிடைத்ததும் இரண்டு தொழிற்சங்கக் கொட்டகைகளுக்கு நடுவில். மேலே அஸ்பெஸ்டாஸ், சுற்றிலும் மூங்கில் தட்டி.

தமயந்தி ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். கூட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவரும் எழுந்து தன் பெயர், பட்டம், வாங்கிய வருஷம் மூன்றையும் சொல்ல வேண்டும். திருமதி கிடையாது. புருஷன் பெயரும் கிடையாது. முதல் தடவை சிலருக்குத் தங்கள் பெயரைச் சத்தமாகச் சொல்லவே நாக்கு வரவில்லை.

கமலா சேர்ந்தது 1977 கடைசியில். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். பி.ஏ., பி.எட். வாங்கியும் அடுப்படியிலேயே இருந்தாள். புருஷன் இசக்கிமுத்து சுரங்கத்தில் ஆபரேட்டர். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தவறியவன். சங்கத்தின் ஆண்டு விழா நோட்டீஸில் 'கமலா, பி.ஏ., பி.எட்.' என்று அச்சாகி வந்த அன்று கேன்டீனில் அவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னா இசக்கி, உங்க வூட்டு சங்கம் எப்ப ஸ்டிரைக்காம்?"

"சோறு பொங்க மாட்டோம்னு நோட்டீஸ் குடுத்துட்டாங்களா? இவன்தான் மேனேஜ்மென்ட்டா?"

அது 1978 மார்ச் 9, வியாழக்கிழமை. முதல் ஷிப்ட் முடிந்து வந்தவன் ஷூவைக் கழற்றாமல் உள்ளே போனான்.

"ஏட்டி, இதுல எம் பேரு எங்க?"

"இது நான் வாங்குன பட்டம். அதான் எம் பேரு மட்டும் இருக்கு" என்றாள் கமலா.

சுரங்கத்து ஷூவின் முனையில் இரும்பு உண்டு. முதல் உதை விலாவில் விழுந்தது. தரையில் ஊன்றி எழப் பார்த்தவளின் இடது கைமேல் ஏறி நின்றான். மோதிர விரல் ஒடிந்தது. பிறகு சர்டிபிகேட்டைத் தேடினான். பெட்டியைக் கவிழ்த்தான், பீரோவை உடைத்தான், பாயை உதறினான். அது அரிசி டிரம்மின் அடியில் பாலிதீன் பையில் இருந்தது. ஒரு நாளும் அரிசி அள்ளியிராதவன் அங்கே கை வைக்கவில்லை.

மறுநாள் கமலா அதை எடுத்துக்கொண்டு தமயந்தியிடம் வந்தாள். விரலில் துணி சுற்றியிருந்தது.

"இத நீங்க வச்சிக்கிடுங்க அக்கா. அடி ஆறிரும். இது போச்சின்னா எனக்குப் போக்கிடம் கெடையாது."

தமயந்தி ஒரு டிரங்குப் பெட்டி வாங்கிக் கொட்டகையில் வைத்துப் பூட்டினாள். சேதி மெல்லப் பரவியது. 1979 ஜூனுக்குள் பெட்டியில் பத்தொன்பது சர்டிபிகேட்டுகள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றின் உறையிலும் பெயர், கொடுத்த தேதி எல்லாம் எழுதியிருந்தாள். சில உறைகள் அவள் கைக்கு வரும்போதே ஓரம் கிழிந்திருந்தன.

அந்த ஜூனில் கமலாவுக்கு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் வேலைக்கான நேர்காணல் கடிதம் வந்தது. 18ஆம் தேதி, திங்கள், காலை ஒன்பதரை. ஒரிஜினல் சர்டிபிகேட்டுடன் நேரில் வரவும். ஒரிஜினல் இல்லாதவர்களைப் பார்க்க மாட்டோம் என்று கீழே தனியாக ஒரு வரி இருந்தது. 16ஆம் தேதி சனிக்கிழமைக் கூட்டத்தில் பெட்டியைத் திறந்து கொடுப்பதாக ஏற்பாடு.

அப்போது காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் ஸ்டிரைக்கில் இருந்தார்கள். யூனியனில் ரகசியமாகக் கையெழுத்துப் போட்டவர்கள் யார் யார் என்று ஒரு காண்ட்ராக்டரின் ஆட்கள் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரி தனகோட்டி.

சனிக்கிழமை கூட்டத்துக்கு ஏழு பேர் வந்திருந்தார்கள். பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்று பாதி அறுத்தபடி நியூஸ் பேப்பரில் இருந்தது. பக்கத்தில் எண்ணெய் தடவிய கத்தி. மணி நாலேகால். ஜானகியம்மாள் எழுந்து தன் பெயரைச் சொல்லும்போது பக்கத்துக் கொட்டகையில் ஓடு நொறுங்கும் சத்தம் கேட்டது. அங்கே யாரோ அலறினார்கள். அடுத்து இவர்களுடைய போர்டு பிய்ந்து விழுந்தது.

"இதுலயும் சங்கம்னு போட்டிருக்குதுடா. இதையும் பாருங்க."

தட்டியை உதைத்துக்கொண்டு ஐந்து பேர் உள்ளே வந்தார்கள். நான்கு பேரிடம் இரும்புப் பைப். முன்னால் வந்த தனகோட்டியின் கையில் சைக்கிள் செயின் சுற்றியிருந்தது.

"லிஸ்ட் எங்க?"

"எந்த லிஸ்ட்?" என்றாள் தமயந்தி.

"காண்ட்ராக்ட் ஆளுங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்த லிஸ்ட்டு."

"இது பொம்பளைங்க சங்கம். போர்டை முழுசாப் படிச்சிட்டு வந்தியா?"

"பொம்பளைங்க பேர்ல போர்டு, உள்ள ஆம்பளைங்க லிஸ்ட்டா? வெவரமாத்தான் இருக்கீங்க."

செயின் மேஜைமேல் விழுந்தது. பதிவேடு இரண்டாகப் பிளந்தது. அடுத்த வீச்சு ஜானகியம்மாளின் கன்னத்தைக் கிழித்து மூக்குக்கண்ணாடியைத் தூக்கி எறிந்தது. மற்றப் பெண்கள் அவரை இழுத்துக்கொண்டு பின்பக்கத் தட்டியைத் தள்ளி வெளியே ஓடினார்கள். உள்ளே நின்றது இரண்டு பேர். தட்டியோரம் கமலா. பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்ட தமயந்தி.

"எழுந்திரு."

"இதுல இருக்கறது பட்டம்."

"பட்டமா? ஆடி மாசம் காத்து வரட்டும், வுடலாம்" என்றான் தனகோட்டி. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

சிரித்தவர்களில் ஒருவன்தான் முதல் அடியை அடித்தான். தலைக்கு வந்த பைப்பை அவள் வலது கையால் தடுத்தாள். எலும்பு ஒடிந்த சத்தம் தட்டியோரம் நின்ற கமலாவுக்குக் கேட்டது. தமயந்தி அப்படியே குப்புற விழுந்து, இடது கையால் பெட்டியைக் கட்டிக்கொண்டாள். முதுகில் ஒன்று. தோளில் ஒன்று. திரும்பவும் முதுகில். அவள் கத்தவில்லை, கத்த மூச்சு இல்லை. வெளியே எவனோ தட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டான். புகை உள்ளே வந்தது. தனகோட்டி செயினைப் போட்டுவிட்டுக் குனிந்தான். இடது கையால் அவள் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, வலது கையால் பெட்டியின் பிடியை இழுத்தான்.

பலாப்பழக் கத்தி எப்போது தன் கைக்கு வந்தது என்று கமலாவுக்குத் தெரியாது. இரண்டு கைகளாலும் பிடித்து, விறகு பிளப்பதுபோல ஓங்கிப் போட்டாள். பெட்டியின் பிடியில் தனகோட்டியின் கடைசி இரண்டு விரல்கள் நின்றுவிட்டன. கை மட்டும் வந்தது. வெட்டியது யார் என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கையை லுங்கியில் சுருட்டிக்கொண்டு ஊளையிட்டபடி ஓடினான். ரத்தத்தைப் பார்த்த மற்ற நான்கு பேரும் பின்னாலேயே ஓடினார்கள்.

இரண்டு பெண்களும் பெட்டியை இழுத்துக்கொண்டு பின்வழியாக வெளியே வந்தார்கள். சூட்டில் அஸ்பெஸ்டாஸ் வேட்டுப்போல வெடிக்கத் தொடங்கியது. கமலாவின் கையில் இன்னும் கத்தி இருந்தது.

"அத இப்பிடிக் குடு" என்றாள் தமயந்தி.

"அக்கா, நாந்தான…"

"திங்கக்கெழம ஒம்பதரைக்கு நீ எங்க இருக்கணும்?"

கமலா பெட்டியைப் பார்த்தாள்.

"ஸ்டேஷன்ல இருந்தீன்னா ஒரிஜினல யாரு காட்டுவா? ஆறுமாசம் அரிசிக்குள்ள வச்சிருந்தியே, எதுக்கு?"

கத்தியை இடது கையில் வாங்கிக்கொண்டாள். முந்தானையில் சாவி இருந்தது. கமலாவே பெட்டியைத் திறந்து தன் உறையை எடுத்துக்கொண்டாள்.

நெருப்பைப் பார்த்து கொளஞ்சிநாதன் சைக்கிளில் வந்தபோது தங்கை மண்ணில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. மறு கையில் கத்தி. நடந்ததை அவனிடம் மட்டும் நாலு வார்த்தையில் சொன்னாள்.

ஸ்டேஷனுக்கும் அவனே கூடப் போனான். ஆஸ்பத்திரியில் கிடந்த தனகோட்டி, "பொட்டி மேல கெடந்தவதான் வெட்டினா" என்று சொல்லியிருந்தான். இன்ஸ்பெக்டருக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

"வலது கை ஒடஞ்சி போயிருக்கு. எப்படிம்மா வெட்டின?"

"இடது கையாலங்க."

இன்ஸ்பெக்டர் கொளஞ்சிநாதனைத் திரும்பிப் பார்த்தார். "உன் தங்கச்சிக்கு இடது கைப் பழக்கமா?"

பெல்ட் ஒரு நிமிஷம் நின்றாலும் ஒரு நிமிஷம் என்றே ஷிப்ட் புத்தகத்தில் எழுதுகிறவன் அவன். பதினேழு வருஷத்தில் ஒரு பொய் எழுதியதில்லை.

"ஆமாங்க. சின்ன வயசுலேர்ந்தே" என்றான்.

"அப்ப எழுதிக் காட்டச் சொல்லு."

வாக்குமூலத்தின் அடியில் தமயந்தி இடது கையால் கையெழுத்துப் போட்டாள். 'த' குப்புறச் சாய்ந்தது. 'ம' கோட்டுக்குக் கீழே இறங்கியது. முடித்தபின் பேனாவைக் கொடுக்காமல் பக்கத்தில் பி.எஸ்சி. என்றும் எழுதினாள்.

"இது எதுக்கு?"

"அது இல்லாம நான் கையெழுத்துப் போடறதில்லீங்க."

"இடது கைப் பழக்கம்னா எழுத்து ஏன் இப்படிப் போகுது?"

"அடி வாங்கியிருக்கேனேங்க."

இன்ஸ்பெக்டர் தாளை மடித்து வைத்தார். கையில் கட்டுப் போட்டு அன்றே கடலூருக்கு அனுப்பினார்கள். பதினோரு நாள் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு கொளஞ்சிநாதன் கமலாவின் குவார்ட்டர்ஸ் வாசலில் சைக்கிளோடு நின்றான். தங்கை சொல்லி அனுப்பியிருந்தாள். கமலா உறையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இசக்கிமுத்து கதவை மறித்துக் கையை ஓங்கினான். அவள் குனியவில்லை. கேன்டீனில் இரண்டு நாளாக ஒரே பேச்சு, அந்தச் சங்கத்துப் பெண்கள் விரலை வெட்டுவார்கள் என்று. ஓங்கிய கை அப்படியே நின்றது.

"ஏட்டி… அந்தக் கத்தி எங்க இருக்கு?"

"சங்கத்துல இருக்கு" என்றாள் கமலா.

இசக்கிமுத்து நகர்ந்து நின்றான். அவள் நடந்தே போனாள். கொளஞ்சிநாதன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனான். சர்டிபிகேட்டில் புகை வாடை அடித்தது. வாங்கிப் பார்த்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. வேலை கிடைத்தது, தற்காலிகமாக. அடுத்த வருஷமே தனி வீடு எடுத்துக்கொண்டாள்.

தமயந்தியின் கை கோணலாகக் கூடியது. தோளுக்குமேல் தூக்க வராது. அதன்பின் வகுப்பில் கரும்பலகையின் கீழ்ப்பாதியில்தான் எழுதினாள். மேல்பட்டாம்பாக்கத்தில் அவளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றது. "வெட்டுனவளைக் கொண்டுவந்து வூட்ல வச்சிகினு யாரு தூங்கறது?" என்று மாப்பிள்ளையின் தாயார் சொன்னதாகத் தரகர் வந்து சொன்னார். கொளஞ்சிநாதன் வாயைத் திறக்கப் போனான். தமயந்தி அவன் காலை மிதித்தாள்.

புதுக் கொட்டகையில் முதல் கூட்டம் நடந்தபோதும் அவள் கை கட்டில்தான் இருந்தது. பதிவேட்டில் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். அதைப் பார்த்த ஜானகியம்மாள், கன்னத்துத் தழும்போடு, தானும் பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வழக்கம் அப்படி வந்ததுதான்.

1983 நவம்பரில் சாட்சி இல்லாமல் வழக்கு தள்ளுபடியானது. தனகோட்டி அதற்குள் ஊரை விட்டே போயிருந்தான். இனி சொல்லிவிடட்டுமா என்று கமலா கேட்டபோது, "மொதல்ல பர்மனென்ட் ஆகட்டும்" என்றாள் தமயந்தி. 1985 டிசம்பரில் ஆர்டர் வந்தது.

பத்தாம் ஆண்டுக் கூட்டம் 1986 பிப்ரவரி 9, ஞாயிறு. அறுபத்திரண்டு உறுப்பினர்கள். முன்வரிசை ஓரத்தில் கொளஞ்சிநாதனுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். வருகைப் பதிவில் கமலாவின் முறை வந்தது.

"கமலா, பி.ஏ., பி.எட்., 1972. இன்னொண்ணும் பதிவேட்டுல எழுதணும். தனகோட்டி வெரல வெட்டுனது அக்கா இல்ல. நான்."

அன்றைக்குச் சேர வந்திருந்த ஒரு பெண் பேனாவும் கையுமாகப் பதிவேட்டின் முன்னால் நின்றிருந்தாள்.

"அப்ப இனிமே வலது கையாலயே போடலாமா, மேடம்?" என்று கேட்டாள்.

"இவ ரெண்டு கையாலயும் வெட்டினா" என்றாள் தமயந்தி. "ரெண்டு கையாலயும் போடறியா?"

அந்தப் பெண் பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.